அடுத்த வாரம் சொல்றேன்

ஆற்காடு சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், டீக்கடைக்கு மேலே இருக்கிறது பாயின் பட்டறை. மாடிப்படி ஓர் ஆள் அகலம்தான். ஏறும்போது தோள் சுவரில் உரசும். அந்த உயரத்தில் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்து, எண்ணெய் தடவினாற்போல ஒரு பளபளப்பு. ஸ்பீக்கர், கீபோர்டு, மிக்ஸர் என்று எத்தனையோ பெட்டிகள் ஏறி இறங்கின தடம் அது. மேலே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு பெஞ்சு. பெஞ்சில் நான்.

என் சுருதிப்பெட்டியை வாங்கிப்போக வந்திருந்தேன். கொடுத்துப் பதினோரு மாதம் ஆகிறது. தாமதம் பாயால் இல்லை. "டிரான்ஸ்ஃபார்மர் போயிருக்கு, மாத்த எழுநூறு ஆகும், செஞ்சிடவா சார்?" என்று அவர் கேட்டபோது, "அடுத்த வாரம் சொல்றேன்" என்று இறங்கிப் போனவன் நான்தான்.

மேசைக்கு எதிரே உள்ள இரும்பு அலமாரி முழுக்க அப்படிப்பட்டவர்களின் பொருள்கள். எக்கோ மெஷின் ஒன்று. கட்டை உடைந்த கேசியோ. துருத்தி இல்லாத ஹார்மோனியம், அதற்குப் பக்கத்தில் யாருடையதோ தெரியாத ஒரு துருத்தி. கம்பி இல்லாத மாண்டலின். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் தேதி போட்டிருக்கிறார். எக்கோ மெஷினில் 2017 என்று இருந்தது. பாய் எதையும் தூக்கிப் போடுவதில்லை. வாடகையும் கேட்பதில்லை. என் பெட்டியை இன்றுதான் எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்திருந்தார். அலமாரியின் நடுத்தட்டில் அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் நீள்சதுரமாகத் தெரிந்தது.

கீழே ஆட்டோ வந்து நின்றது. கொஞ்ச நேரம் பேச்சு, பிறகு படியில் கனமான எதையோ ஒவ்வொரு படியாக வைத்து வைத்துத் தூக்கும் சத்தம். முதலில் தெரிந்தது ஆட்டோக்காரரின் முதுகு. "இன்னா சார் இது, ஃப்ரிட்ஜைவிட கனமாக்கீது!" என்றபடி பின்பக்கமாகவே ஏறி வந்தார். கறுப்புப் பெட்டி. முன்னால் வெள்ளிக் கம்பித் துணி, நான்கு மூலையிலும் உலோகக் குப்பி. அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு அறுபது, அறுபத்திரண்டு இருக்கும். முதுகில் கிதார் பை, கழுத்தில் துணிப்பை. மூச்சு வாங்கியது. ஆட்டோக்காரருக்குப் பேசினதைவிட ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தார்.

பெட்டியின் நெற்றியில் எழுதியிருந்ததைப் படித்தேன்: ரோலண்ட் ஜாஸ் கோரஸ், 120. 1975இல் சந்தைக்கு வந்து, இன்றுவரை பெரிதாக உருமாறாமல் விற்கும் ஆம்ப்ளிஃபயர். பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இரண்டு உள்ளே. எடை முப்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

"என்ன சார், இதையா தூக்கிட்டு வந்தீங்க? ஃபோன் பண்ணியிருந்தா பையனை அனுப்பியிருப்பேன்ல?" என்றார் பாய்.

"விக்கலாமான்னு பார்க்கறேன், பாய்."

'விக்கணும்' என்று சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். பாயும் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன். சாலிடரிங் அயனைத் தாங்கியில் வைத்துவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார்.

வந்தவர் எனக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது கையைப் பார்த்தேன். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த மூன்று விரலும் நகம் வளர்த்து, வளைவாக ராவப்பட்டிருந்தன. இடது கையில் நகம் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது. விரல்நுனிகளில் காய்ப்பு, காய்ப்பின் மேல் புதிதாக விழுந்த கோடுகள். தடித்த கம்பி அழுத்துகிற விரல். பிக் பிடிப்பதை விட்டுவிட்டு விரலால் மீட்டுகிற வாசிப்புக்கு இந்த மனிதர் மாறி எப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும்.

"இப்போ எல்லாமே அக்கூஸ்டிக்தான். இதைத் தொட்டு மூணு வருஷம் ஆச்சு."

"மூணு வருஷமா?" பாய் எழுந்தார். "அப்போ நேரா கரண்ட்ல போடக்கூடாது. கண்டென்சர் காய்ஞ்சிருக்கும்."

ஜன்னலோரமாக ஒரு பலகை இருந்தது. அதில் நூறு வாட் குண்டு பல்பு ஒன்று, இரண்டு பிளக் பாயிண்ட். சீரிஸ் போர்டு. இந்த ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்த ஒவ்வொருவரிடமும் இருந்த, இன்று அருகிவரும் சாதனம். கரண்ட் பல்பு வழியாகப் போய்த்தான் பெட்டிக்குள் நுழையும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்தபடியே நிற்கும், பெட்டி தப்பிக்கும். நன்றாக இருந்தால் பல்பு ஒருதரம் மின்னிவிட்டு மங்கும்.

பாய் சுவிட்சில் கை வைத்தார். மூன்று பேரும் ஆம்ப்பைப் பார்க்கவில்லை, பல்பைப் பார்த்தோம். குப்பென்று எரிந்தது. அவர் கை துண்டை இறுக்கியது. பல்பு மெதுவாக இறங்கி, இழை மட்டும் சிவந்து நின்றது.

"உசுரு இருக்கு சார்."

"இருக்கும்" என்றார் அவர், தனக்குச் சம்பந்தமில்லாத செய்தி போல.

துணிப்பையிலிருந்து பெடல்கள் வெளியே வந்தன. கால் வைத்து ஆட்டுகிற வா-வா பெடல் ஒன்று, ரப்பர் தேய்ந்து பாதத்தின் வடிவத்துக்கே வந்திருந்தது. பிறகு ஒரு சிறிய ஆரஞ்சுப் பெட்டி. பாய் அதைக் கையில் எடுத்ததும் முகம் மாறியது. திருப்பிப் பார்த்தார். "மேட் இன் ஜப்பான். வெள்ளி ஸ்க்ரூ. ஆரம்ப காலத்துப் பீஸ் சார் இது."

பாஸ் கம்பெனியின் டிஎஸ்-1. டிஸ்டார்ஷன் பெடல்களில் உலகத்தில் ரொம்பப் புழங்கினவற்றில் ஒன்று, 1978இல் வந்தது. கிதாரிலிருந்து வரும் மின்னலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, அதன் உச்சிகளை வெட்டிவிடுவதுதான் அதன் வேலை. வெட்டுப்பட்ட அலைக்குத்தான் அந்த உறுமல். பழுதான ஸ்பீக்கர், கிழிந்த கூம்பு என்று ஒரு தலைமுறை ஒதுக்கித் தள்ளிய சத்தத்தை அடுத்த தலைமுறை காசு கொடுத்து டப்பாவில் வாங்கியது.

பாய் அந்த வெள்ளி ஸ்க்ரூவைக் கட்டைவிரலாலேயே திருகினார். கால் வைக்கும் தகடு வாய் திறந்தது. உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரி, ஓரம் உப்பி, உப்புப் பூத்தாற்போல வெள்ளையும் பச்சையுமாகப் பொடி கட்டி இருந்தது.

"பேட்டரியை எடுக்காம விட்டுட்டீங்களே சார்."

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "அடுத்த கச்சேரி சீக்கிரமே இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பாய் பழைய டூத்பிரஷ் ஒன்றை எடுத்தார். பொடியை உதறி, இரண்டு துளி வினிகர் விட்டார், மெல்ல நுரைத்தது. பஞ்சால் ஒற்றி எடுத்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். பொத்தான் போன்ற அந்த இரண்டு முனைகளும் கறுப்பிலிருந்து பித்தளை நிறத்துக்கு வந்தன. விற்கப்போகிற பொருளுக்கு இவ்வளவு சிரத்தை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அவர் குனிந்து, தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பாயின் கைக்கு அருகில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபோன் அடித்தது. "ம்... வந்துட்டேன்... பார்த்துட்டு இருக்காங்க... இல்ல, இன்னும் பேசல... சரி." வைத்துவிட்டு, "அந்த மூலையில ஷூ ரேக் வைக்கணுமாம்" என்றார் பொதுவாக. பெஞ்சில் இருந்தது நான் ஒருவன்தான் என்பதால் தலையாட்டினேன்.

கிதார் பை திறந்தது. சிவப்பு ஃபெர்னாண்டஸ், ஜப்பானில் செய்தது. ஃபெண்டர் கம்பெனி 1954இல் கொண்டுவந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரை அச்சு அசலாகப் பார்த்துச் செய்த வகை. 1986இல் சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்தது என்றார். அதற்கு முன்னால் வாசித்தது பர்மா பஜாரில் வாங்கின ஒன்று, பெயர்கூட ஒட்டியிருக்காது என்றார். இடது கை ஓடுகிற கழுத்தின் பின்புறம் வார்னிஷ் போய் மரம் தெரிந்தது. படியேறும் சுவரில் பார்த்த அதே பளபளப்பு.

பாய் வால்யூம் குமிழைத் திருப்பினார். ஆம்ப் கரகரவென்று இருமியது. குமிழுக்கடியில் சின்னக் குழாய் வைத்துக் கான்டாக்ட் கிளீனர் அடித்தார். முன்னும் பின்னுமாக இருபது தரம் திருகினார். இருமல் நின்றது.

"வாசிங்க சார்."

"நீங்களே பாருங்க."

"எனக்கு சாலிடரிங் தெரியும். வாசிக்கத் தெரிஞ்சா ஏன் இங்க உட்காரப் போறேன்?"

வாங்கிக்கொண்டார். சட்டைப்பைக்குள் கை போய் வெறுங்கையாகத் திரும்பியது. பிக் இல்லை. நகத்தாலேயே வாசித்தார். முதல் ஒரு நிமிஷம் விரல் தடுமாறியது. தடுமாற்றத்துக்குக் காரணம் பிக் இல்லாதது அல்ல, கம்பி. அக்கூஸ்டிக்கில் முதல் கம்பி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு தடிமன் என்றால் இதில் ஒன்பது பங்கு. தடித்த கம்பிக்குப் பழகின கை இதில் தேவைக்கு மேல் அழுத்துகிறது, சுரம் கூடுகிறது. பிறகு கை தன் பழைய கணக்கை ஞாபகப்படுத்திக்கொண்டது. வந்தது 'இளைய நிலா'வின் தொடக்கம். 1982இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்த நாளிலிருந்து, தமிழ்நாட்டில் கிதாரைக் கையில் எடுத்த எவரும் ஒருமுறையாவது முயன்று பார்த்திருக்கக்கூடிய அந்தத் துண்டு.

"எட்டிப் போய் நில்லுங்க சார்" என்றார் பாய் என்னைப் பார்த்து. "பக்கத்துல இருந்தா தெரியாது." கோரஸ் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

நான் படிக்கட்டு வாசல்வரை பின்வாங்கினேன். இந்த ஆம்ப்பின் கெட்டிக்காரத்தனம் அதில்தான் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கரில் கிதார் உள்ளபடியே வரும். இன்னொன்றில் அதே ஒலி ஒரு நூலிழை பின்தங்கி, சுருதி மேலும் கீழுமாகக் கொஞ்சம் அசைந்து வரும். இரண்டும் பெட்டிக்குள் கலப்பதில்லை. அறையின் காற்றில்தான் கலக்கின்றன. எட்டி நிற்பவனுக்குத்தான் அந்த நீரலை. அறை தண்ணீருக்குள் போனது மாதிரி இருந்தது. கீழே டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது.

ஒரு சரணத்துக்கு மேல் வாசிக்கவில்லை. கம்பிகளை உள்ளங்கையால் மூடினார்.

"வேடிக்கையைக் கேளுங்க பாய். ரெக்கார்டிங்ல அது அக்கூஸ்டிக். ஆனா மேடையில அக்கூஸ்டிக்கை மைக் முன்னால கொண்டு வந்தா ஊளையிடும். அந்தக் காலத்து செட்டுக்கு அதெல்லாம் தாங்காது. அதனால இதுல கோரஸ் போட்டு, அது மாதிரி காட்டுவோம். முப்பது வருஷம் அக்கூஸ்டிக் பாட்டைத்தான் எலெக்ட்ரிக்ல வாசிச்சிருக்கேன்."

அதன்பிறகு அவரே பேச ஆரம்பித்தார். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. மாலையில் மெல்லிசைக் குழு. ஆடி மாதம் வந்தால் ஒரே இரவில் இரண்டு அம்மன் கோயில். ரிசப்ஷன்களில் மாப்பிள்ளையின் மாமா மேடையேறிப் பாடுவதற்குச் சுருதி மாற்றி வாசித்தது. குடித்துவிட்டு ஆடுகிறவர்கள் வா-வா பெடலைப் பார்த்துவிட்டு "அண்ணே, அந்த மிதிக்கிறதை மிதிங்கண்ணே" என்று கேட்டது. பிறகு கீபோர்டிலேயே கிதார் டோன் வந்தது. பிறகு லேப்டாப்பில் டிராக் வந்தது. பாடகர் ஒருத்தர், பென்டிரைவ் ஒன்று, கச்சேரி முடிந்தது. பன்னிரண்டு பேர் குழு எட்டாகி, நாலாகி, கடைசியில் ஒரு வாட்ஸப் குழுவாக மட்டும் மிஞ்சியது. அதில் காலை வணக்கம் வருகிறது.

"அப்போ அக்கூஸ்டிக்?"

"வெள்ளத்துல வந்தது" என்றார்.

2015 டிசம்பர். அவர்கள் அப்போது ஜாபர்கான்பேட்டையில் கீழ்வீடு. அடையாற்றுத் தண்ணீர் வாசலுக்கு வந்தபோது முதலில் மாடிக்கு ஏற்றியது இந்த ஆம்ப்பை. ஃப்ரிட்ஜ் அப்புறம். "வீட்டுக்காரி அதை இன்னிக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுவா." ஐந்து நாள் கரண்ட் இல்லை. மேல்வீட்டுப் பெண்ணின் கல்லூரி கிதார் ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. பிளைவுட் அக்கூஸ்டிக், ஒரு கம்பி கிடையாது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஐந்து கம்பியில் வாசித்தார். மொட்டைமாடியில் நாலு குடும்பம் இருந்தது. முப்பது கிலோ ஆம்ப் மூலையில் கம்பளி போர்த்திக் கிடந்தது.

"அப்போ தோணிச்சு பாய். இதுக்கு எதையும் மாட்ட வேண்டாம். எடுத்தா சத்தம் வருது."

இப்போது மூன்றாவது மாடியில் ஃப்ளாட். ஒரு நல்ல கிதார் பார்த்து வைத்திருக்கிறார். மேல்பலகை ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழு மரம். இதையெல்லாம் விற்றால் அதை வாங்கிவிடலாம். "காசுக்காக இல்ல" என்றும் சொன்னார். பழைய பொருள் விற்க வருகிறவர்கள் எல்லாருமே சொல்லும் வாக்கியம் இது. பாய் அதை எத்தனை தரம் கேட்டிருப்பாரோ.

"ஃப்ளாட்டுல இதை வெச்சு வாசிக்க முடியல. மேல ஒரு பையன் நீட்டுக்குப் படிக்கிறான்."

பாய் சிரித்தார். "அக்கூஸ்டிக்குக்கு வால்யூம் குமிழ் இருக்கா சார்? இதுக்கு இருக்கு. குமிழைக் குறைச்சு வெச்சீங்கன்னா மேல்வீட்டுக்குக் கேட்கவே கேட்காது. நீட் பையனுக்குத் தொந்தரவு எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்து மூடினார்.

"முழுப்பலகை வாங்குங்க, வேண்டாங்கல. ஆனா நம்ம ஊர் ஈரத்துக்கு மேல்பலகை உப்பும், பிரிட்ஜ் தூக்கும். அதையும் என்கிட்டதான் கொண்டு வருவீங்க. இது கட்டை, இதுக்கு ஒண்ணும் ஆகாது. இன்னொண்ணு, கோவிச்சுக்கக்கூடாது. இன்னும் பத்து வருஷம் கழிச்சு விரல் அந்தத் தடிக்கம்பியைத் தாங்குமா? அப்போ இது வேணும்."

வாங்க ஆள் தேடித் தரவேண்டியவர் விற்காதே என்று வாதாடிக்கொண்டிருந்தார். வியாபாரம் தெரியாதவர் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அலமாரியைப் பார்த்தால் அவருக்குத் தெரிந்தது வேறு ஏதோ என்று படும்.

எனக்கு ஜான் மெக்லாக்லின் நினைவு வந்தார். 1970களின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் இரட்டைக் கழுத்து எலெக்ட்ரிக் கிதாரால் காதைக் கிழித்துக்கொண்டிருந்தவர், திடீரென்று அதை விட்டுவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையில் அக்கூஸ்டிக். பக்கத்தில் எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, நம் விக்கு விநாயக்ராமின் கடம். சக்தி. உலகமே 'இவர் மாறிவிட்டார்' என்றது. 1997இல் அவரும் ஜாகிர் உசேனும் விநாயக்ராமும் 'ரிமெம்பர் சக்தி' என்று மறுபடி தொடங்கியபோது, அவர் கையில் இருந்தது எலெக்ட்ரிக். கடத்துக்குப் பதிலாகப் பிறகு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிரா வந்தது. கமகத்துக்கு மெல்லிய கம்பி வளைந்து கொடுக்கும் என்பது நம்ம பிரசன்னா எலெக்ட்ரிக் கிதாரில் கர்நாடக சங்கீதம் வாசிப்பதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். இதைச் சொல்லலாமா என்று தொண்டைவரை வந்தது. காத்திருப்பவனுக்குப் பேச்சு எதற்கு என்று விழுங்கிக்கொண்டேன்.

படியில் இரண்டிரண்டாகத் தாவி ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது. பெரம்பூர்ப் பக்கம் ஒரு சர்ச்சில் வாசிக்கிறவன். பாய் எப்போது செய்தி அனுப்பினார் என்று தெரியவில்லை. ஒருவேளை விற்காதே என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அனுப்பியிருப்பார்.

"குட் ஈவ்னிங் அங்கிள்." கண் நேராக ஆரஞ்சுப் பெட்டிக்குப் போயிற்று. "ஐயோ, சில்வர் ஸ்க்ரூ! அங்கிள், இதே பெடல்தான் நிர்வாணா கர்ட் கோபேன் வெச்சிருந்தார்."

"யாருப்பா அது?"

பையன் சொன்னான். 1993இல் நியூயார்க்கில் எம்டிவி 'அன்பிளக்டு' நிகழ்ச்சி. எல்லாம் அக்கூஸ்டிக்காக இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கோபேனுக்குத் தன் ஆம்ப் இல்லாமல் ஓடவில்லை. கிதாரில் பிக்கப் வைத்து, ஆம்ப்புக்கு முன்னால் ஒரு போலிப் பெட்டியை வைத்து, மேடை மானிட்டர் மாதிரி காட்டி மறைத்துவிட்டார்கள். அந்த மார்ட்டின் கிதார் 2020இல் அறுபது லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

"அன்பிளக்டுலயே பிளக் இருந்துச்சு அங்கிள்!"

அவர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். "நாங்க எலெக்ட்ரிக்கை அக்கூஸ்டிக்னு காட்டினோம். அவனுமா?"

"பிங்க் ஃபிளாய்ட் டேவிட் கில்மோர்கூட 2019ல நூத்தியிருபதுக்கு மேல கிதாரை மொத்தமா ஏலம் விட்டுட்டார் அங்கிள். ரெண்டு கோடி டாலருக்கு மேல. பணம் பூரா பருவநிலை வேலைக்குக் கொடுத்துட்டார்." விற்கத் தயங்குகிறவரைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னான்.

"நூத்தியிருபது இருந்தா நானும் கொடுப்பேன் தம்பி. இருக்கிறது ஒண்ணு" என்றார்.

பையன் ஆம்ப்புக்கு முன்னால் மண்டியிட்டான். தன் கிதாரை மாட்டி, என்னவோ வேகமாக வாசித்தான். விரல் போகிற வேகத்துக்கு எனக்குக் கண் பிடிபடவில்லை. பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு எழுந்து போய், அவன் தோளுக்கு மேலாகக் கை நீட்டி ட்ரெபிள் குமிழைக் கால் சுற்றுக் குறைத்தார். பாஸைத் தொடவில்லை. பையன் அதே துண்டை மறுபடி வாசித்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"ஹால்ல கூட்டம் வந்தா சத்தத்தைக் கொஞ்சம் குடிச்சிடும். அப்போ ஏத்திக்கோ. காலியா இருக்கும்போது இது போதும்."

விலை பேசியது பத்து வாக்கியத்துக்குள் முடிந்தது. பையன் நாற்பதாயிரம் என்றான். அவர் பாயைப் பார்த்தார். பாய் கூரையைப் பார்த்தார். "சரி" என்றார் அவர். வா-வா பெடலைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். "சர்ச்ல அதை மிதிப்பாங்களா?" "கிறிஸ்மஸ் கேரல்ஸுக்கு மிதிக்கலாம் அங்கிள்." ஃபோனில் பணம் விழுந்த சத்தம் கேட்டது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை.

"இது அங்கிள்?" பையன் ஆரஞ்சைத் தொட்டான்.

"அது இன்னும் முடிவு பண்ணல."

"கிதார்?"

பதில் வரவில்லை. பையன் விவரம் தெரிந்தவன், திரும்பக் கேட்கவில்லை. டீக்கடை ஆள் ஒருவரைக் கூப்பிட்டு ஆம்ப்பை இறக்கினான். பெரியவர் படிமேல் நின்று, "சுவத்துல இடிக்காம... கைப்பிடியைப் பிடிக்காத, அடியில கை கொடு" என்று கடைசிப் படிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கீழே வண்டி கிளம்பியது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

"எந்த சர்ச்சுன்னு கேட்டீங்களா பாய்?"

"அட்ரஸ் இருக்கு சார். ஞாயித்துக்கிழமை காலையில எட்டரைக்கு."

பாய் என் பெட்டிக்குத் திரும்பினார். மூடியைப் போட்டு, ஸ்க்ரூ முறுக்கி, கரண்டில் செருகினார். "ஃபோன்லயே ஆப் இருக்கே சார், தம்புராவே வருதே" என்றார் என்னிடம். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறகு ஏன் எழுநூறு ரூபாய் செலவு செய்கிறேன் என்பதை அவரும் கேட்கவில்லை. பெட்டி முனகத் தொடங்கி, சட்ஜமும் பஞ்சமமுமாக நிலைத்தது.

பெரியவர் சிவப்பு கிதாரைப் பையில் வைப்பதற்காக எடுத்தவர், வைக்கவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அஞ்சரை கட்டையில இருக்கு. மூணுக்கு வைங்க பாய்."

பாய் குமிழைத் திருகி இறக்கினார். மூன்று கட்டை, கிதாரின் கீழ்க்கம்பியும் மேல்கம்பியும் திறந்தபடியே நிற்கும் சுருதி. ஆம்ப் போய்விட்டது. செருக ஒன்றுமில்லை. அவர் அப்படியே வாசிக்க ஆரம்பித்தார்.

வயிறு இல்லாத கட்டை அது. ஆம்ப் இல்லாவிட்டால் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் சத்தம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பாய்க்குக் கேட்டிருக்காது. அவர் டிராயரில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தோளோடு தோள் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்டது, அதுவும் பாதி காதாலும் பாதி பெஞ்சுப் பலகை வழியாகவும். பாட்டு இல்லை. ஒரே சுரத்தை இரண்டு கம்பியில் மாற்றி மாற்றி, மெல்லிய கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி, ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். தடித்த கம்பியில் அது நடக்காது. என் பெட்டிக்குள் போய் அந்தச் சுரம் உட்கார்ந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார். ஃபோன் அடித்து அடங்கியது. மறுபடி அடித்தது.

"ஆ... வித்தாச்சு... பெரிசு போயிடுச்சு, மூலை காலி... இல்ல, அது வருது. சுவத்துல மாட்டிக்கலாம்."

கிதாரைப் பைக்குள் வைத்து ஜிப் போட்டார். பாய் என் பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினார். எழுநூறைக் கொடுத்தேன்.

"இது?" என்று பாய் ஆரஞ்சுப் பெடலைக் காட்டினார்.

பெரியவர் அதைக் கையில் வாங்கி, காலால் மிதிக்கிற பொத்தானைக் கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினார். டக், டக். பேட்டரி இல்லாததால் சிவப்பு விளக்கு எரியவில்லை.

"அடுத்த வாரம் சொல்றேன், பாய்."

பாய் வெள்ளை டேப்பைக் கிழித்துத் தேதி எழுதி ஒட்டினார். அலமாரியில் இடம் தேடினார். நடுத்தட்டில் என் பெட்டி இருந்த தூசியில்லாத நீள்சதுரம் அப்படியே இருந்தது. அதில் வைத்தார். பாதி இடம் மிச்சமிருந்தது.